எந்தக் கூரையை மாற்ற வேண்டும்? பாளையங்கோட்டைப் பொறியாளர் அலுவலகம் ஒன்றின் பரிசோதனைச் சேவை

வீட்டின் மேற்கூரையைப் பரிசோதித்து, எதை மாற்ற வேண்டும், எதைப் பழுதுபார்த்தால் போதும் என்று அறிக்கை எழுதித் தரும் பொறியாளர் அலுவலகம் ஒன்றைப் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்திருந்தோம். திருநெல்வேலி டவுனில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில் முன்கட்டு கட்டைக்குத்து மட்டப்பா (மர உத்திரங்கள் தாங்கும் தட்டையான பழைய கூரை), நடுக்கட்டு மங்களூர் ஓடு, பின்கட்டு எண்பதுகளில் போட்ட கான்கிரீட் தளம். 2023 டிசம்பர் பெருமழைக்குப் பின் மூன்றிலும் கசிவு தென்படவே, மொத்தத்தையும் இடித்து ஒரே தளமாகப் போட்டுவிடலாம் என்றார் ஓர் ஒப்பந்தக்காரர். பொறியாளரோ பின்கட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிய கட்டணத்துக்கு இந்த ஒரு வரியே ஈடாகும்.

முன்கட்டில் அவர் உத்திரங்களின் நடுப்பகுதியைவிட நுனிகளையே கவனித்தார். சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் ஈரம் தங்கி மரம் இற்றுப்போகும் என்பதால், ஒவ்வொரு நுனியையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார், எங்கும் இறங்கவில்லை. தட்டோடுகளின் இடுக்குப் பூச்சு உதிர்ந்ததே கசிவுக்குக் காரணம். அதன் மேல் இரண்டு அங்குலக் கான்கிரீட் போட்டுவிடும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. ஆனால் அது சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ எடையைப் பழைய மரத்தின் மேல் ஏற்றிவிடும் என்று அவர் தடுத்தது, என் கணிப்பில், இந்தச் சேவையின் மிகப் பயனுள்ள பகுதி.

ஓட்டுக் கூரைக்கு அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் நின்று பார்த்தபோது முகடு வளையாமல் நேராக இருந்தது, கைமரங்களில் பழுதில்லை. கரையான் அரித்த ரீப்பர்களையும் (ஓடுகளைத் தாங்கும் மரச் சட்டங்கள்) உடைந்த ஓடுகளையும் மாற்றச் சொன்னதோடு முடிந்தது.

பின்கட்டுத் தளத்தில்தான் பரிசோதனை நீண்டது. கூரையின் அடிப்பக்கத்தில் காணும் ஈரக்கறையோ வெள்ளைப் பூப்போ மட்டும் தளத்தை மாற்றுவதற்கான காரணம் ஆகாது என்றும், கம்பி ஓடும் திசையிலேயே நீளும் விரிசலும், அதன் ஓரத்தில் இறங்கும் பழுப்புத் துருக்கறையும்தான் கவலைக்குரியவை என்றும் அவர் விளக்கினார். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனபோது தளத்தின் பெரும்பகுதி பொள்ளலாக ஒலித்தது. ஓரிடத்தில் கொத்தித் திறந்து பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மைதான்; அது குறையாத கான்கிரீட் இந்தக் கரைசல் பட்டதும் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். எங்கள் தளத்தில் கம்பியின் ஆழம் வரை நிறமே ஏறவில்லை. கம்பிகள் பல இடங்களில் பொருக்குத் தட்டி மெலிந்திருந்தன. இந்த நிலையில் மேலே எத்தனை கசிவுத்தடுப்புப் பூச்சு பூசினாலும் உள்ளே அரிப்பு தொடரும், பூச்சுக்காரர்கள் எத்தனை ஆண்டு உத்தரவாதம் தந்தாலும் சரி.

குறைகளும் உண்டு. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், வேலை செய்யப்போகும் கொத்தனாருக்கு ஒவ்வொரு பத்தியையும் நாங்கள் வாசித்து விளக்க வேண்டியிருந்தது. செலவு மதிப்பீடு கேட்டதற்கு அதற்குத் தனிக் கட்டணம் என்றனர். மட்டப்பாவில் தண்ணீர் விட்டு ஓட்டம் பார்க்கவும் இல்லை; மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக்கொண்டிருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தவர் கொத்தனார்தான்.

ஓட்டுக் கூரை மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை; கைதேர்ந்த ஆசாரி ஒருவர் பார்த்தாலே போதும். முப்பது, நாற்பது ஆண்டுக் கான்கிரீட் தளமோ கட்டைக்குத்தோ உள்ளவர்கள், இடிப்பதென்று முடிவெடுக்கும் முன் தயங்காமல் அழைக்கலாம். மாசி, பங்குனியில் அழைப்பது உத்தமம். ஆவணி கடந்து அழைத்தால், அறிக்கை கைக்கு வந்து, பழைய தளத்தை இடித்து, புதிய தளம் போட்டு நீராற்றுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும்.