தேமலுக்கு செலினியம் சல்பைடு: தொடர்ந்து பயன்படுத்தினால் தெரிபவை

முதுகிலும் மார்பிலும் படரும் தேமலுக்கு 2.5% செலினியம் சல்பைடு ஷாம்பு பழைய மருந்து. இன்றும் நன்றாகவே கேட்கிறது. இதற்கு மாற்று வேண்டுமென்றால் துத்தநாகம் கலந்த 1% ஜிங்க் பைரித்தியோன் இருக்கிறது. அதைத் தினம் 5 நிமிடம் வீதம் 2 வாரம் போட வேண்டும்.

முதலில் அது தேமல்தானா என்று பாருங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு போல உதிரும். உதிராமல் பால் வெள்ளையாக இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் மரத்திருந்தாலோ ஷாம்பு வாங்காதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். வட்டமாக ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரைக்கும் இது மருந்து அல்ல.

போடும்போது பலர் தவறவிடுவது பாட்டிலைக் குலுக்குவதை. மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் சில நாள் உடம்பில் படுவது பெரும்பாலும் சோப்புத் தண்ணீர்தான். பாட்டில் தீரும் நேரத்தில் கெட்டியாக வந்து எரியும். திட்டுகளில் மட்டும் தொட்டு வைப்பதும் போதாது. தேமலை உண்டாக்கும் பூஞ்சை சுற்றியுள்ள தோலிலும் இருக்கும் என்பதால் கழுத்திலிருந்து இடுப்பு வரை கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நுரைக்கத் தேய்த்து, 10 நிமிடம் விட்டு, நன்றாக அலச வேண்டும். தினம் ஒருமுறை, 7 நாள். வெள்ளிச் செயின், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், கறுத்துவிடும். புண், பிறப்புறுப்பு, கண் பக்கம் படக்கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கந்தக வாடை கொஞ்சம் அடிக்கும், பழகிவிடும். அந்த வாரம் உடம்புக்கு எண்ணெய் தேய்க்காதீர்கள். மலசீசியா என்ற இந்தப் பூஞ்சை கொழுப்பில்தான் வளர்கிறது.

ஏழாம் நாளும் திட்டு வெளிறியே இருக்கும். இங்கேதான் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் தேய்த்துத் தோலை வறட்டிக்கொள்கிறார்கள். சிலர் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசுகிறார்கள். அது இன்னும் மோசம். பூஞ்சை செத்தாலும் நிறம் திரும்பச் சில மாதம்கூட ஆகும். நிறத்தைப் பார்க்காதீர்கள், மறுபடி சுரண்டிப் பாருங்கள். மாவு உதிரவில்லை என்றால் மருந்து கேட்டுவிட்டது.

ஆனால் தேமல் திரும்ப வரும் நோய், ஏனென்றால் மலசீசியா எல்லார் தோலிலும் குடியிருப்பது. அடிக்கடி வருபவர்கள் மாதம் ஒருமுறை அதே 10 நிமிடக் குளியலைத் தொடரலாம். வியர்வை கொட்டும் பங்குனிக்கு முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது.