விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே சேர்வர்: சாம்பாவா, என்எஃப்எஸ்ஸா, நெக்ஸ்ட்கிளவுட்டா?

கணக்குப் பிரிவு விண்டோஸிலும், அச்சு வடிவமைப்பாளர் மேக்கிலும், களப்பணியாளர்கள் உபுண்டு மடிக்கணினிகளிலும் வேலை செய்கின்ற, கல்முனையில் ஒரு கிளையும் வைத்திருக்கின்ற மட்டக்களப்பு அலுவலகம் ஒன்றுக்கு லினக்ஸ் சேர்வர் அமைப்பதாயின், கோப்புகளைப் பகிர மூன்று வழிகளே உண்மையில் போட்டியிடுகின்றன: விண்டோஸின் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியை லினக்ஸில் இயக்கும் சாம்பா, யுனிக்ஸ், லினக்ஸ் உலகின் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ், வலை வழியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் நெக்ஸ்ட்கிளவுட். ஆப்பிளின் பழைய பகிர்வு நெறிமுறையான ஏஎஃப்பியை இதில் சேர்க்கத் தேவையில்லை. 2013 இல் வந்த மேவரிக்ஸிலிருந்து மேக்கே எஸ்எம்பிக்கு முன்னுரிமை கொடுத்துவருகிறது.

அன்றாட வேலைக்கு என் தெரிவு சாம்பாதான். அது வழங்கும் எஸ்எம்பி பகிர்வை மூன்று இயங்குதளங்களும் இயல்பாகவே திறக்கும். ஆளுக்கு ஆள் உரிமையையும் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால், கடவுச்சொல் இல்லாமல் எல்லோரும் திறக்கட்டும் என்று விட்டுவிடும் பழைய வழக்கம் இனிச் செல்லாது: விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு தகவல் இடையில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பமிட்ட இணைப்பையே இயல்பாகக் கேட்பதால், விருந்தினர் கணக்கில் இயங்கும் பகிர்வுகளை அது ஏற்பதில்லை. இன்னொரு தொல்லை, ஸ்கேன் செய்து கோப்புறைக்கு அனுப்பும் பழைய போட்டோக்கொப்பி இயந்திரங்கள். அவற்றுள் சில எஸ்எம்பியின் முதலாம் பதிப்பை மட்டுமே அறியும். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். 2019 இல் வந்த சாம்பா 4.11 அதனை இயல்பாகவே முடக்கிவிட்டது. ஓர் இயந்திரத்துக்காகச் சேர்வர் முழுவதிலும் அதைத் திரும்பத் திறப்பதைவிட, ஸ்கேன்களை எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகத் தனிக் கோப்புறை ஒன்றில் விழச் செய்வதே மேல். மேக் இருக்கும் இடத்தில் சாம்பாவின் ‘ஃப்ரூட்’ என்ற துணைத்தொகுதியையும் இயக்கிவிட வேண்டும். இல்லையேல் புள்ளியும் அடிக்கோடும் கொண்டு தொடங்கும் துணைக்கோப்புகள் விண்டோஸ் பயனர்களின் கண்முன் குவியத் தொடங்கும்.

என்எஃப்எஸ் லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே எளிமையானது. எனினும் அதன் வழமையான அமைப்பு கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. பயனர் எண்ணை மட்டும் நம்புகிறது. உபுண்டுவை நிறுவும்போது உருவாகும் முதற் பயனருக்கு 1000 என்ற எண்ணே கிடைப்பதால், இரு மடிக்கணினிகளின் உரிமையாளர்கள் சேர்வரின் கணக்கில் ஒரே ஆளாகிவிடுவர். மின்சாரம் போய்ச் சேர்வர் நின்றுவிட்டால், சாம்பாவில் வேலை செய்பவருக்குச் சற்று நேரத்தில் பிழைச்செய்தி வரும். என்எஃப்எஸ்ஸிலோ, பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி சேர்வர் மீளும்வரை உறைந்துபோய்க் காத்திருக்கும். யூபிஎஸ் இல்லாத அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கோப்புறையை இரண்டு வழியாலும் பகிர்வது அதைவிட ஆபத்தானது: விண்டோஸ் தன் பக்கத்தில் தேக்கிவைத்திருக்கும் பிரதியும் மறுபக்கத்தில் எழுதப்படுவதும் முரண்படலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடவே வருவது கோப்புப் பெயர்ச் சிக்கல். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு அது இரட்டிப்பாகும். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. லினக்ஸுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொண்டதால், அப்படிப்பட்ட வட்டிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் சேர்வருக்கு நகலெடுத்த கோப்பு, விண்டோஸில் தட்டெழுதித் தேடினால் அகப்படாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் ‘ஔ’ எழுத்துக்கும் மட்டுமே இது நேர்வதால் காரணத்தைப் பிடிப்பது கடினம்: சம்பளப் பட்டியல் ஒழுங்காக இருக்கும், காசோலைப் பதிவேடு மட்டும் இரண்டாகத் தெரியும். சாம்பா வழியாக மேக்கை இணைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் எழாது. என்எஃப்எஸ்ஸில் மேக்கை இணைப்பவர்கள் பிரிந்த குறிகளை ஒன்றாக்கி அனுப்பும் ‘என்எஃப்சி’ என்ற தெரிவைத் தாமாகவே சேர்க்க வேண்டும்.

நீளமும் ஒரு தடை. விண்டோஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் கொடுக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமை 255 பைட் மட்டுமே தரும். தமிழ்க் குறி ஒன்று 3 பைட் எடுப்பதால் 85 குறிகளோடு அது முடிந்துவிடுகிறது. புள்ளியும் துணையெழுத்துகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐம்பது எழுத்தளவிலேயே சேமிக்க முடியாமல் போகலாம். கூட்ட அறிக்கையின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைக்கும் நம் அலுவலக வழக்கத்துக்கு இது போதாது. திகதியைச் சாய்கோட்டோடு எழுதும் பழக்கமும் கைவிடப்பட வேண்டியதே: மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டர் அதை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. 2025-03-14 என்ற வடிவம் மூன்றிலும் செல்லும்.

ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனைக் கிளைக்கு வரும்போதுதான் நெக்ஸ்ட்கிளவுட் முந்துகிறது. எஸ்எம்பிக்கான 445 ஆம் துறையை (இணைப்பு வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடுவது பெரும் ஆபத்து. நெக்ஸ்ட்கிளவுட்டோ மறையாக்கப்பட்ட வலை இணைப்பில் இயங்குவது, கோப்பின் பிரதியும் கிளைக் கணினியிலேயே இருப்பதால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. அதை விண்டோஸில் வெப்டாவ் என்ற வலைவழிக் கோப்பு நெறிமுறை வழியாக ஒரு டிரைவாக இணைப்பதைவிட அதற்குரிய செயலியை நிறுவுவது நல்லது, ஏனெனில் வெப்டாவில் ஏறத்தாழ 50 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை விண்டோஸ் இயல்பாக இறக்காது. இரு இடங்களிலும் ஒரே எக்செல் கோப்பு ஒரே வேளையில் திருத்தப்பட்டால் மட்டும், எது சரியென்று ஆள்தான் முடிவு செய்யும்படி முரண்பட்ட பிரதி ஒன்று உருவாகும். ஆகையால் கிளைக்குத் தேவையான கோப்புறைகளை மட்டும் அதில் வைத்து, கணக்கேடுகளில் எழுதும் உரிமையை ஒரே பக்கத்துக்குக் கொடுத்து, மறுபக்கத்துக்கு வாசிக்கும் உரிமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.