தரைக்குள் கரண்டும் நெட்டும்: ஃப்ளோர் பாக்ஸோடு பதினாலு மாதம்

எங்கள் ஆபீஸ் கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருக்கிறது. ஒரே நீள ஹால், மூன்று பக்கம் கண்ணாடி. மேஜைகளை நடுவில்தான் போட முடியும். பழைய இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் இழுத்துவிட்டு, வயர் மேல் டேப் ஒட்டி, அதில் ஆள் ஆளுக்குத் தடுக்கி விழுந்து போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் இங்கே டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே தரைக்குள் நாலு ஃப்ளோர் பாக்ஸ் புதைத்துவிட்டோம். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. கீழே நான் புலம்புவதில் பாதி பெட்டியின் தப்பே இல்லை.

பொருள் இதுதான்: இரும்புப் பெட்டி, மேலே ஸ்டீல் மூடி. திறந்தால் ஒரு பக்கம் இரண்டு 6 ஆம்பியர் சாக்கெட், மறுபக்கம் இரண்டு நெட் ஜாக், நடுவே மேலிருந்து அடிவரை ஒரு தகடு. பக்கவாட்டில் 25 மிமீ பைப் நுழைய ஓட்டைகள். கட்டுமானம் கெட்டி, மூடி மேல் நாற்காலிச் சக்கரம் தினமும் ஏறி இறங்கியும் இன்னும் நெளியவில்லை. அந்த நடுத் தகடு இருந்ததால்தான் விலை கொஞ்சம் கூட இருந்தும் இதை எடுத்தேன்.

வேலை நடக்கும்போது எலக்ட்ரீஷியன், "ஏனுங்க சார், எதுக்கு ரெண்டு பைப்பு, எல்லாம் வயருதானுங்களே, ஒண்ணுலயே இழுத்துரலாமுங்க" என்றார். நெட்வொர்க் போட வந்த பையன் மாட்டவே மாட்டேன் என்று நின்றுவிட்டான். நல்லவேளை. பெட்டிக்குள் தகடு வைத்துவிட்டு, பெட்டிக்கு வரும் பைப்பில் 230 வோல்ட் வயரையும் நெட்டுக்கான கேட் 6 கேபிளையும் ஒன்றாக இழுத்தால் தகடு எதற்கு? இரண்டு பைப் போட்டோம். கூடுதல் செலவு பைப்புக்கும் கொத்தனாருக்கும் கொஞ்சம்தான்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மூன்றாவது பெட்டியில் இருந்த கம்ப்யூட்டரில் நெட் மெதுவாக ஆரம்பித்தது. சர்வரிலிருந்து ஒரு டேலி கணக்கு பேக்கப்பை எடுக்க மற்றவர்களுக்கு ஆகிற நேரத்தைப் போலப் பல மடங்கு. பார்த்தால் லிங்க் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது, பக்கத்து மேஜையில் 1000. ஆபீஸில் எல்லோரும் சொன்ன தீர்ப்பு ஒன்றே: "கரண்ட் பக்கத்துலயே ஓடுதுல்ல, அதான்." நானும் அப்படித்தான் நினைத்தேன், பெட்டிக்காரனை மனசுக்குள் திட்டவும் செய்தேன்.

ஆனால் அது இல்லை. கேட் 6 கேபிளுக்குள் கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதே வெளி இரைச்சலுக்காகத்தான். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் இரைச்சல் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏறும், மறுமுனை அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிக்கும், இரைச்சல் கழிந்துபோகும். பெட்டிக்குள் சாக்கெட்டும் ஜாக்கும் அரை அடி தூரத்தில் இருப்பதற்கெல்லாம் நெட் படுத்துக்கொள்ளாது. பையன் வந்து ஜாக்கைக் கழற்றினான். பிரவுன் கம்பி, ஜாக்கை உட்காரவைத்த ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டி நசுங்கி, மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. 1000-க்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், அதனால்தான் நெட் ஒரேயடியாகப் போகாமல் இறங்கி ஓடியிருக்கிறது. கம்பிகளை ஜாக்கில் மறுபடி அழுத்திப் பதித்ததும் 1000 வந்துவிட்டது.

இங்கே பெட்டியின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஆழம் போதவில்லை. கேட் 6 கேபிளை அதன் தடிமனைப் போல நாலு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல்தான் வளைக்கலாம், அதாவது 6 மிமீ கேபிளுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர். இந்தப் பெட்டியில் ஜாக்குக்குப் பின்னால் அந்த இடமே இல்லை, கேபிளை மடித்துத் திணிக்கத்தான் வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் மூடியின் பளபளப்பைப் பார்க்காமல் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து பாருங்கள்.

நிஜமான அதிர்ச்சி அதற்கப்புறம்தான். ஜாக்கைக் கழற்றிய ஓட்டை வழியே பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், தகட்டைக் காணோம்" என்றான். பவர் பக்கம் வயர் அதிகமாகிவிட்டது என்று எலக்ட்ரீஷியன் தகட்டைப் பாதியாக வளைத்து உடைத்துப் போட்டிருக்கிறார். சாக்கெட்டின் பின்பக்க வயர் ஒன்று சாவகாசமாக நெட் கேபிள் மேல் சாய்ந்து கிடந்தது. நெட் நன்றாகத்தானே ஓடியது என்று கேட்கலாம், ஓடும்தான். ஆனால் அந்த வயரின் தோலும் கேபிளின் தோலும் ஒரு நாள் கிழிந்தால் 230 வோல்ட் நேராக நெட் கேபிளில் ஏறி, அந்தக் கோடியில் இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் இந்தக் கோடியில் கேபிளைச் சொருகுகிற கைக்கும் போகும். தகடு முக்கியமாக இதற்குத்தான், வேகமெல்லாம் பிறகு. போதாக்குறைக்கு அந்தப் பெட்டியின் உடம்புக்கு எர்த்தும் கொடுக்கவில்லை, அதற்கென்று உள்ளே இருந்த ஸ்க்ரூ புதுசாகவே இருந்தது. வேறு ஆளைக் கூப்பிட்டு இரண்டையும் சரி செய்தோம்.

மற்றபடி மூடி. பிளக் சொருகிய பிறகு மூடுவதற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு, வயர் அது வழியே வெளியே வரும். சாதா மூன்று முள் பிளக் என்றால் சரி. செங்கல் மாதிரி இருக்கும் அடாப்டர் என்றால் மூடியே மூடாது, பக்கத்து சாக்கெட்டையும் அதுவே மறைத்துக்கொள்ளும். லேப்டாப் ஆட்கள் குட்டி வயர் நீட்டிப்பு வாங்கித்தான் சமாளிக்கிறார்கள்.

அட்டைப் பெட்டியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருக்கிறது. மூடி முழுசாக மூடியிருந்தால் அது சரியாக இருக்கலாம், வயர் வெளியே வரும்போது நிச்சயம் இல்லை. நம் ஊரில் பெருக்கித் துடைப்பது என்றால் பக்கெட் தண்ணீரில் மாப்பை நனைத்துச் சொட்டச் சொட்ட இழுப்பதுதான். ஒரு மாதம் 20-ம் தேதி, ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் கடைசி நாள், காலையில் துடைக்க வரும் அக்கா துடைத்துவிட்டுப் போன ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் முழுக்க இருட்டு. முதல் பெட்டிக்குள் தண்ணீர். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தன் வேலையைச் செய்துவிட்டது, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் மொத்த ஆபீஸுக்கும் ஒன்றே ஒன்று வைத்தது என் புத்தி. பெட்டிகளுக்குத் தனி லைன், தனி ஆர்சிசிபி என்று கேட்டு வாங்கியிருக்கலாம். இப்போது அக்கா பெட்டியைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் பக்கெட்டை எடுக்கிறார்.

வாங்கலாமா என்றால், டைல்ஸ் இன்னும் பதிக்கவில்லை என்றால் வாங்கலாம். பதித்தாகிவிட்டது, வெட்டி எடுத்துப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் வயரைக் கூரையிலிருந்து இறக்குவதைப் பாருங்கள், தரையை வெட்டுகிற தூசியும் சத்தமும் அதற்குப் பிறகு டைல்ஸ் நிறம் சேராத சங்கடமும் தேவையில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், ஆழத்துக்கு ஒன்று, மூடிக்கு அரை கழித்து. நாலாவது பெட்டியை இன்னும் திறந்து பார்க்கவில்லை, அதையும் அதே எலக்ட்ரீஷியன்தான் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.