லூப் பெடல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: உப்புக் காற்றின் மேல் பழி போட்டு விற்கிறார்கள்

ராமநாதபுரத்தில் ஒரு இசைக்கருவிக் கடையில் பேஸ் கிடார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிடார்) பயிற்சிக்கு என்று லூப் பெடல், அதாவது வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டுகிற கால்மிதிக் கருவி, வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் சர்ச் கொயரிலும் கச்சேரிக் குழுக்களிலும் வாசிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது லூப் பெடல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள், ஆனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தனியாக உட்கார்ந்து பேஸ் பழகுகிறவனுக்கு இதைப் போல உதவுகிற பொருள் வேறு இல்லை. ஒரு மிதி மிதித்தால் பதிவாகும், மறுபடி மிதித்தால் பதிவானது திரும்பத் திரும்ப ஓடும், இன்னொரு மிதியில் அதற்கு மேலேயே சேர்த்துப் பதியலாம், பெரும்பாலான பெடல்களில் வேகமாக இரண்டு தடவை மிதித்தால் நின்றுவிடும். நான் மேல் ஃப்ரெட்டுகளில் (உயர்ந்த சுரம் வரும் கட்டைகளில்) ஜி, சி, டி கார்டுகளுக்கு ரூட்டும் தேர்டும் (முதல் சுரமும் மூன்றாம் சுரமும்) மட்டும் எடுத்து நாலு பார் (தாளச் சுற்று) பதிந்துவிட்டு, அப்புறம் கீழே இறங்கி வாக்கிங் லைன் (அடிக்கு ஒரு சுரமாக நடக்கிற பேஸ் வரி) பழகுவேன். மேலே பதிவது ஏன் என்றால், பேஸ் மேல் பேஸை ஒரே இடத்தில் அடுக்கினால் ஒன்றும் பிரிந்து கேட்காது. இதில் முக்கியமானது இரண்டாவது மிதிதான். கடைசி நோட்டு முடிந்ததும் மிதிக்கக் கூடாது, அடுத்த பாரின் முதல் அடியில் சரியாக விழ வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். ஆக, ஸ்விட்ச் கெட்டால் பெடலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது இது: “தம்பி, டெமோ பீஸ், பெட்டி மட்டும்தான் பிரிச்சது, மூணு மாசம் வாரண்டி, பேஸுக்குச் சூப்பரா இருக்கும்.” 6,500 ரூபாய், பில்லும் கொடுத்தார். ஒரு அடாப்டரை இலவசம் என்று கையில் திணித்தார்.

வாங்கிய மாதம் முடிவதற்குள் தொல்லை ஆரம்பித்தது. ஒரு தடவை மிதித்தால் இரண்டு தடவை மிதித்ததாக எடுத்துக்கொண்டு, நாலாவது பார் முடிகிற இடத்தில் லூப் பொசுக்கென்று நின்றுவிடும். சில நேரம் நிற்காமல் தானாகவே பதிவுக்குப் போய், நான் தடவிப் பார்க்கிற நோட்டையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், “உங்க கால் டைமிங் சரியில்ல தம்பி, பழகினா வந்துரும்” என்றார். அவர் கடைப் பையனையே மிதிக்கச் சொன்னேன், அவனுக்கும் அப்படியேதான் நின்றது. உடனே பேச்சு மாறிவிட்டது. “நீங்க பாம்பன்காரங்க, உப்புக் காத்துல வச்சா எந்தப் பொருளும் இப்படித்தான் ஆகும், அதுக்கு வாரண்டி கிடையாது.”

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். உப்புக் காற்று பொய் இல்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று அது. அது என்ன செய்யும் என்று இங்கே பிறந்த எவனுக்கும் தெரியும். தெரிந்தவனிடமே அதைச் சொல்லி வாயை அடைக்கப் பார்த்தால் எப்படி?

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடலாழம் பார்க்கிற கருவி) எல்லாம் சரிபார்க்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிரித்தோம். உப்பு அரித்த பொருளைப் பார்ப்பதே அவர் தொழில். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். வெளியே இருக்கிற திருகாணிகள் பளபளவென்று புதுசு, கேபிள் சொருகுகிற ஜாக் சுத்தமாக இருக்கிறது. உப்புக் காற்று என்றால் முதலில் அதுதான் போயிருக்க வேண்டும். மிதிக்கிற தகட்டுக்கு அடியில் 9 வோல்ட் பேட்டரி வைக்கிற குழி இருக்கிறதே, அதன் மூலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது, அது அப்படியே வழிந்து ஸ்விட்ச் வரைக்கும் போயிருந்தது. நான் இதில் பேட்டரியே போட்டதில்லை. “இது காத்து இல்ல தம்பி, எவனோ பேட்டரியப் போட்டு வருசக்கணக்கா மறந்திருக்கான், அது கசிஞ்சிருக்கு” என்றார். ஸ்விட்சின் கால்களில் மட்டும் புதிதாகப் பற்றவைத்த ஈயம், சுற்றிலும் துடைக்காத பசை. அப்புறம் அடியில் இருந்த சீரியல் எண்ணைப் பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டோம். இரண்டும் வேறு வேறு. அதாவது யாரோ வாங்கிக் கெடுத்த பழைய பெடலுக்கு ஸ்விட்சை ஒட்டவைத்து, வேறொரு பெட்டியில் போட்டு, டெமோ பீஸ் என்று விற்றிருக்கிறார்கள். இலவச அடாப்டரும் ஆகாது என்று அவரே சொன்னார். லூப் பெடல் டிஜிட்டல் சமாச்சாரம், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற சாதாரண ஓவர்டிரைவ் பெடலைவிட அதிகக் கரண்ட் எடுக்கும், பெடலில் அச்சிட்டிருக்கிற வோல்ட், மில்லி ஆம்பியர், நடு முனை மைனஸா பிளஸா என்ற படம், மூன்றும் அடாப்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

அதனால் வாங்கப் போகும்போது உங்கள் பேஸையே தூக்கிக்கொண்டு போங்கள். எனக்குக் கடையில் கிடார் சொருகித்தான் காட்டினார்கள். பேஸின் கீழ் ஈ (E) கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸ் என்றால் கீழ் பி (B) கம்பி 31 ஹெர்ட்ஸ். கிடாரின் கீழ் ஈ பேஸின் ஈயைவிட ஒரு ஆக்டேவ் (இரண்டு மடங்கு ஹெர்ட்ஸ்) மேலே இருப்பதால் அதை வைத்துக் காட்டினால் அடிச்சத்தம் குறையாமல் வருகிறதா என்று தெரியவே தெரியாது. கடையின் சின்ன ஆம்பிளிஃபயரிலும் தெரியாது. பெரிய பேஸ் ஆம்ப் இல்லையென்றால் நல்ல ஹெட்ஃபோன் கேளுங்கள், ஈ கம்பியை எங்கேயும் அழுத்தாமல் நீளமாக அடித்துப் பதிந்து, நேரடியாக வாசிப்பதும் லூப்பில் வருவதும் ஒரே கனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்விட்சை மெதுவாக, ஓரத்தில், நடுவில் என்று சலிக்கும் வரை மிதியுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பெட்டி எண்ணும் பெடல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பில் கொடுக்க மறுப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் நியாயமற்ற வணிக முறை என்றே சொல்கிறது. திரும்பக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். நான் பில், இரண்டு எண்களின் படம், பேட்டரிக் குழியின் படம் எல்லாம் வைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன், 1915லும் சொல்லியாகிவிட்டது. என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

தீவுப் பக்கம் யாராவது பழைய பெடல் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கூப்பிடுங்கள், என் பேஸையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.