கதைப்பாடல் கேட்க ஆசை: முத்துப்பட்டனா, அண்ணன்மாரா?

எதில் தொடங்குவது என்று குழம்புபவர்களுக்காக.

நிலம்: முத்துப்பட்டன் நெல்லைச் சீமை, பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் தெய்வம். அண்ணன்மார், அதாவது பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி கதை, கொங்கு நாடு. வீரமலைப் பக்கம் அவர்கள் மாண்ட படுகளம்.

இசை: முன்னதற்கு வில், குடம், உடுக்கை, பின்பாட்டு. பின்னதற்கு உடுக்கை போதும். பாட்டும் வசனமுமாகப் போகும்.

நேரம்: இங்கேதான் பெரிய வேறுபாடு. பட்டன் கதையை ஒரே அமர்வில் பிடித்துவிடலாம். பொன்னர் சங்கர் கதை பல இரவுகள் நீளும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் ஒலிப்பதிவு செய்ததும் அப்படித்தான்.

கதை: அந்தணன் பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, செருப்புத் தைத்து, மாட்டுக்கிடை காக்கப் போய்ச் சாகிறான். சாதியை இவ்வளவு நேராகத் தொட்ட பழைய பாட்டு குறைவு. (சில வடிவங்களில் அந்தப் பெண்களையும் பிறப்பால் அந்தணராக்கிவிட்டார்கள், எனக்கு உறுத்தும் இடம்.) அண்ணன்மாரில் நிலம், பங்காளிப் பகை, வேட்டுவரோடு போர், தங்கை தங்காளின் ஒப்பாரி.

புதியவர்களுக்கு முத்துப்பட்டன். பாரதம் போலக் கிளைக்கதைகளில் திளைப்பவர்களுக்கு அண்ணன்மார். ஆனால் அதைச் சுருக்கிக் கேட்காதீர்கள், சுவை போய்விடும்.