அப்பா படித்துச் சொன்ன ஆறு எண்கள்

அமெரிக்காவில் நான் வசிக்கும் எடிசனுக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. கோயிலெல்லாம் எப்படி இருந்தது, யாரையெல்லாம் பார்த்தாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். நானோ எல்லோரிடமும் ஒரு சிம் கார்டின் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மார்கழியில் கும்பகோணத்தில் பதினாறு நாள் இருந்தேன். பகலில் பாதி அந்த சிம் கார்டுக்கே போனது. இரவில் படுத்தாலும் அதே நினைவு.

2005-ல் ஊரைவிட்டுக் கிளம்பும்போது என் பெயரில் ஓர் எண் வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வங்கிக் கணக்கு, ஆதார், சமையல் எரிவாயு என்று பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தோம். ஊரில் எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. அதன் வாடகை மாதம் 9,000 ரூபாய், வெளிநாடு வாழ் இந்தியர்கள் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்கில் விழும். அதிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமானால் ஓடிபி வரும், அதுவும் அப்பாவின் பழைய பொத்தான் கைபேசிக்கு. குளிர்காலத்தில் இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே காலை எட்டரை. குளித்துவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா அந்த ஆறு எண்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்வார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் 'சரி, போடு' என்பார். பள்ளிக்கூட வாத்தியார், ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்காமல் எதையும் விட்டவர் இல்லை.

2024 ஆவணியில் அப்பா போய்விட்டார். பதினைந்து நாளில் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அலமாரி இழுப்பறையில் கிடந்த கைபேசியைப் பற்றி எனக்கோ அண்ணனுக்கோ நினைவே வரவில்லை. வாடகை தானாக விழுந்துகொண்டிருந்தது, எடுக்கும் அவசியம் எனக்கு வரவில்லை. இந்த முறை அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்கு அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் எண் உயிரோடு இல்லை என்பது தெரிந்தது. 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண்ணைத் துண்டித்துவிடலாம். துண்டித்த பிறகு இன்னொரு 90 நாளாவது காத்திருந்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இந்தக் காத்திருப்பு இன்னும் குறைவு, 45 நாள்தான். ஆனால் இங்கே என் வங்கி என்னை ஓர் எண்ணில் கட்டிப்போட்டு வைக்கவில்லை. ஒருமுறை கைபேசி தொலைந்தபோது மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பினார்கள். தொலைபேசியில் நாலு கேள்வி கேட்டுக்கூட உள்ளே விட்டார்கள். ஊரில் என் கணக்குக்கு இருந்தது ஒரே வாசல். அந்த வாசலின் சாவி இப்போது யார் கையிலோ இருந்தது.

யார் என்று பார்த்துவிடலாம் என்று என் எண்ணை நானே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். நான் அவசரக்காரி. என் பெயரைச் சொல்லி, 'இது என்னுடைய பழைய எண், வங்கியிலிருந்து இப்போது உங்களுக்கு ஓர் ஓடிபி வந்திருக்கும்' என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அடுத்த கணம் அவர் குரல் மாறியது. 'உங்களைப் போல எத்தனை பேர் கிளம்பியிருக்கிறீர்கள்? 1930-க்குப் போன் போட்டுச் சொல்கிறேன்' என்று வைத்துவிட்டார். இணைய மோசடிப் புகாருக்கான எண் அது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை அழைத்தபோது என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார்.

கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. அப்பா இருபது வருடம் காத்த எண்ணிலிருந்து என்னைத் திருடி என்று சொல்லிவிட்டார்களே என்று அழுதும் விட்டேன். அண்ணிதான் அருகில் உட்கார்ந்து சொன்னார்: அந்தப் பெண் செய்ததில் என்ன தப்பு? தொலைக்காட்சியைப் போட்டால் ஓடிபி சொல்லாதீர்கள் என்கிறார்கள், நாளிதழைத் திறந்தால் டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பணம் பறித்த செய்தி. கொஞ்ச நாள் முன்புவரை யாரை அழைத்தாலும் மணி அடிப்பதற்கு முன் அந்த எச்சரிக்கையைக் கேட்டாக வேண்டியிருந்ததாம். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், எனக்கான ஓடிபியைச் சொல்லுங்கள் என்று ஒருத்தி கேட்டால் யார்தான் நம்புவார்கள்?

மறுநாள் அண்ணி தன் கைபேசியிலிருந்து அழைத்தார். ஓடிபி என்ற சொல்லையே எடுக்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை, குழந்தைகள் எத்தனை என்று பேசினார். தர்மபுரிப் பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, ஒரே பையன். பத்து நிமிடம் கழித்து அவராகவே சொன்னார், மாதா மாதம் யாருக்கோ வாடகை வந்ததாகத் தனக்குச் செய்தி வருகிறது என்று. யார் பணமோ, ஏன் எடுக்காமல் கிடக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாராம். திருப்பூரில் அதே வங்கியின் கிளைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியும் இருக்கிறார். கணக்குக்குச் சொந்தக்காரர் வந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியில் கணக்கின் இருப்புத் தொகையும் சேர்ந்தே வரும். எனக்குத் தெரியாத என் கையிருப்பு, மாதக்கணக்காக அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது.

இதில் அந்தப் பெண்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. மாதக்கணக்கில் அந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு, அரைநாள் கூலியை விட்டு வங்கிக்குப் போய்ச் சொன்னவர் அவர். என் கோபம் வங்கியின்மேல்தான். ரத்தான எண்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிடுகிறது. அதோடு ஒத்துப்பார்த்துப் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. சொல்லியும் என் கணக்கின் செய்தி டிசம்பர்வரை திருப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பணம் கைமாறும் விதத்தில் ஊர் எங்கேயோ போய்விட்டது. வந்த மறுநாள் சாரங்கபாணி கோயில் வாசலில் இரண்டு முழம் கதம்பம் வாங்கிவிட்டு 500 ரூபாய் நோட்டை நீட்டினேன். பூக்கார அம்மாள் அதைத் தொடவே இல்லை. கூடையில் சாய்த்து வைத்திருந்த அட்டையைக் காட்டினார். பக்கத்துக் கடையில் யாரோ காபிக்குப் பணம் அனுப்ப, பெட்டி உடனே தொகையைத் தமிழில் உரக்கச் சொல்கிறது. என் சிறு வயதில் வங்கியில் பணம் எடுக்கப் பித்தளை டோக்கனைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்த ஊர் இது. யுபிஐ 2016-ல் வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அமெரிக்க மத்திய வங்கி ஃபெட்நவ் என்ற உடனடிப் பரிமாற்றத்தைத் தொடங்கியதே 2023 ஜூலையில்தான். நான் எடிசனில் வீட்டு வரியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை காசோலை எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்புகிறேன். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். உணவகத்தில் இன்னமும் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். இங்கே யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், இருபது ரூபாய்ப் பூவுக்கு ஒரு நொடியில் பணம் போகிறது, விற்பவருக்குக் கட்டணமும் இல்லை என்று.

அந்த ஒரு நொடி எனக்கு மட்டும் வாய்க்கவில்லை. கைபேசியில் யுபிஐ வைக்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கைத் திறக்க எண் வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர்கள் தங்கள் அயல்நாட்டு எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் அமெரிக்கா உட்படப் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தது. ஆனால் அந்த அமெரிக்க எண்ணை வங்கிப் பதிவேட்டில் ஏற்றவும் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைத்தான் கேட்டார்கள். பூக்கார அம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, 'எடுத்துக்கொண்டு போங்கள், நாளைக்குக் கொடுக்கலாம்' என்றார். நான் யார் வீட்டுப் பெண் என்றுகூட அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 22, திங்கட்கிழமை. புது சிம் வாங்கி, ஆதார் மையத்தில் விரலை வைத்து எண்ணையும் மாற்றிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், கேஒய்சி படிவம், பாஸ்போர்ட் நகல், விசா நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, புகைப்படம் இரண்டு என்று அடுக்கினார். வேலை நாள் ஏழு ஆகும் என்றார். வியாழக்கிழமை கிறிஸ்துமஸ், 27 நான்காம் சனிக்கிழமை. ஜனவரி 2-ல் எனக்கு விமானம். எண்ணிப் பார்த்தேன், வரவில்லை. அமெரிக்காவில் என்றால் கவுன்டரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், காலை வணக்கம் சொல்வார், உங்கள் சிரமம் புரிகிறது என்பார். காரியம் நடக்காமலும் போகலாம், ஆனால் நாம் மனிதர் என்ற மரியாதை கிடைத்துவிடும். இருபது வருடத்தில் நான் அதற்குப் பழகிவிட்டேன். நிமிராத அந்தத் தலை என்னைச் சுட்டது.

செவ்வாய்க்கிழமை எல்லாக் காகிதத்தோடும் போனேன். இந்த முறை உள்ளறையில் இருந்த இளம் அதிகாரியிடம் அனுப்பினார்கள். ஆந்திரத்துப் பிள்ளை, இந்தக் கிளைக்கு வந்து எட்டு மாதம், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. படிவத்தைப் பார்த்துவிட்டு, 'கையெழுத்து சேரவில்லை, மேடம்' என்றார். திரையை என் பக்கம் திருப்பினார். 2005-ல் போட்ட என் கையெழுத்து. தமிழில்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். வங்கியில் கையெழுத்து என்றால் தாய்மொழியில் போடு, யாரும் எளிதில் போலியாக எழுத முடியாது என்று அப்பா அன்று பக்கத்தில் நின்று சொல்லிப் போட வைத்தது. முன்னால் அவருடைய முதலெழுத்து, அப்புறம் என் பெயர், கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் ஒரு கோடு. அமெரிக்கா வந்த பிறகு அது ஆங்கிலமாகி, பிறகு வெறும் நெளிகோடாகிவிட்டது. இங்கே கையெழுத்தை யார் பார்க்கிறார்கள்? 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் கடைகளில் கையெழுத்தே கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன.

அந்தப் பிள்ளை மூன்று வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். முதல் தாளில் எழுத்து நடுங்கியது. இரண்டாவதில் அப்பாவின் முதலெழுத்தை எழுதாமலே விட்டிருந்தேன். 'அவசரம் இல்லை, மேடம், தண்ணீர் குடியுங்கள்' என்று வெளியே போய்விட்டார், நான் தனியாக எழுதிப் பார்க்கட்டும் என்று. திரும்பி வந்து மூன்றாவது தாளைத் திரையருகே பிடித்து ஒவ்வொரு வளைவாகப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. வடிவத்தை வைத்துத்தான் பார்த்தார். கடைசி எழுத்தின் வாலையும் அடிக்கோட்டையும் விரலால் தொடர்ந்து போய், 'இது நீங்கள்தான்' என்றார். அந்த வார்த்தையை அந்த ஊரில் அந்த வாரம் முழுக்க எந்த இயந்திரமும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் மண்டல அலுவலகத்துக்குத் தானே இருமுறை தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை ஒரு முறை, திங்கட்கிழமை ஒரு முறை போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 30, மாலை ஐந்தரைக்குப் புது எண்ணுக்கு முதல் ஓடிபி வந்தது. அறுவை சிகிச்சைக்கு அண்ணன் கட்டிய பணத்தை அவர் கணக்குக்கு அனுப்பினேன். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. மறுநாள் காலை பூக்கார அம்மாளின் கடனையும் அட்டையைக் காட்டச் சொல்லித் தீர்த்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதும் விட முடியவில்லை. பணம் கொடுப்பதை இவ்வளவு எளிதாக்கியவர்களால், எண் போய்விட்டவர் திரும்பி உள்ளே வர ஒரு வழியை வைத்திருக்க முடியாதா? நான் பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டுமாக வந்து நின்றவள். ஆங்கிலம் பேசுவேன், அழுத்திக் கேட்பேன். எங்கள் தெருவிலேயே மகன் வாங்கிக் கொடுத்த சிம்மில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ரீசார்ஜ் தேதி தெரியாமல் இருக்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆந்திரத்துப் பிள்ளை விடுப்பில் இருந்திருந்தால் எனக்கே வழி இல்லை.

கிளம்பும் முன் அப்பாவின் இழுப்பறையை ஒழித்தோம். கைபேசியின் அடியில் டைரி இருந்தது. பால், மின்கட்டணம், மாத்திரை ஆகியவற்றோடு, 'மகள் எண் – ரீசார்ஜ்' என்று தேதியும் தொகையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார். கடைசிப் பதிவு 2024 ஆடியில். பேச்சு வாக்கில்கூட ஒரு நாளும் இதை என்னிடம் சொன்னதில்லை. அந்த எண் தானாக ஓடுகிறது என்றே இருபது வருடம் நினைத்திருந்தேன். டைரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புது சிம்முக்கு ஓராண்டுத் திட்டம் போட்டு, ரோமிங் வசதியோடு இங்கேயே வைத்திருக்கிறேன். ஊரில் என் எண்ணுக்காக இனி யாரும் தேதி பார்க்க வேண்டாம்.

பொங்கலன்று காலை அண்ணி ஒரு வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பினார். திருப்பூரிலிருந்து வந்தது. 'அக்கா, இந்த மாதம் உங்கள் வீட்டு வாடகைச் செய்தி எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்துவிட்டதா?'

வந்துவிட்டது என்று எழுதச் சொன்னேன். அவர் பையனுக்குப் பொங்கல் வாழ்த்தும் சொல்லச் சொன்னேன்.