முன்பணம் கட்டினால் பருவம் முழுக்கப் பண்ணைக் காய்: ஓர் உறுப்பினரின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. வாரத்தில் நாலைந்து நாளாவது வீட்டில் சமைக்கிறவர், கையில் கிடைத்த காயை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கச் சலிக்காதவர் என்றால் தாராளமாகச் சேரலாம். இன்னின்ன காய் வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர், கீரை என்றாலே முகம் சுளிக்கிற ஆட்களோடு குடித்தனம் நடத்துபவர் எல்லாம் சேர வேண்டாம். பெட்டி வரும் நாளெல்லாம் எரிச்சல்தான் மிஞ்சும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்று ஏன் போனது என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் சேர்ந்தது ஒரு சின்னக் குடும்பப் பண்ணையில். கணவன், மனைவி, அவருடைய அப்பா, அறுவடை நாளில் கூடுதலாக இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான் ஆள்பலம். சமூக ஆதரவு வேளாண்மை, ஆங்கிலச் சுருக்கத்தில் சிஎஸ்ஏ என்ற முறையில் நடத்துகிறார்கள். புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: பருவம் தொடங்கும் முன்பே ஒரு பங்குக்கான தொகையைக் கட்டிவிட வேண்டும். விதை, எரு, நாற்றங்கால், கூலி என்று பண்ணைக்குச் செலவு குவிவதெல்லாம் வயலில் ஒன்றுமே விளையாத மாதங்களில்தான், அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க நம் பணம் உதவுகிறது. பதிலுக்கு அறுவடை தொடங்கியதிலிருந்து வாராவாரம் விளைச்சலில் நம் பங்கு பெட்டியாக வரும். நன்றாக விளைந்தால் பெட்டி நிறையும், ஆலங்கட்டி மழை அடித்துப் போட்டால் பாதிதான் வரும், அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. சேரும்போது இந்தக் கடைசிப் பகுதிக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் மெலிந்த பெட்டி கைக்கு வரும்போதுதான் யார் உண்மையிலேயே தலையாட்டினார்கள் என்று தெரியும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. ஜப்பானில் 1970களிலேயே, பூச்சிமருந்து தெளித்த உணவைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பங்கள் உழவர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வாங்கத் தொடங்கிவிட்டன, டெய்கெய் என்று அதற்குப் பெயர். ஜெனீவாவில் 1978இல் ஒரு கூட்டுறவுத் தோட்டம் இதே மாதிரி தொடங்கியது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இதில் இறங்கின, மாசசூசெட்ஸில் ராபின் வான் என் என்பவரின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும். இதில் டெம்பிள்-வில்டன் செய்கிற காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே பங்குக்கு நிலையான விலையே கிடையாது. வருடத்துக்கு இவ்வளவு செலவு என்று பண்ணை கணக்கைக் கூட்டத்தில் வைக்கும், உறுப்பினர்கள் அவரவர் சக்திக்கு ஏற்ப இவ்வளவு தருகிறேன் என்று சொல்வார்கள், தொகை நிரம்பும்வரை சுற்று நடக்கும். என் பண்ணை அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை, எல்லோருக்கும் ஒரே விலைதான். ஆனால் கணக்கை விரித்துக் காட்டும் அந்த மனசு இருந்திருந்தால் எனக்கு வந்த மனக்கசப்பு வந்திருக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் காய். ருசியைப் பற்றிக் குறை சொல்ல வாயில்லை. பட்டாணியும் மக்காச்சோளக் கதிரும் செடியிலிருந்து பறித்த நேரத்திலிருந்தே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், அதனால் காலையில் ஒடித்து மாலைக்குள் கைக்கு வரும் கதிருக்கும் நாள்கணக்கில் லாரியிலும் கிடங்கிலும் கிடந்து வரும் கதிருக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கே சொல்லிவிடும், தனியாக யாரும் விளக்க வேண்டாம். தக்காளியும் அப்படித்தான். தூரத்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் வண்டியில் நசுங்காத ரகமாகப் பார்த்து, முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்தாக வேண்டும். இங்கே பெட்டியில் வந்தவை தோல் மெலிந்து, காம்பைச் சுற்றி லேசாக வெடித்திருந்தன, இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, ஆனால் வெட்டும்போதே சாறு பலகையில் ஓடும்.

அழகு எதிர்பார்க்காதீர்கள். கேரட் மண்ணோடு வரும், சிலது இரண்டு காலாகப் பிரிந்திருக்கும், வளரும்போது வேர் முனை கல்லில் முட்டினால் அப்படித்தான் ஆகும். ஒரு வாரம் கீரைக்கட்டில் இலைக்கு இலை குண்டூசியால் குத்தியதுபோல ஓட்டைகள். பெட்டி வாங்குமிடத்தில் நின்றிருந்த பண்ணைக்கார அம்மாவிடம் காட்டினேன். அவர் ஓர் இலையைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இது தெள்ளு மாதிரி குதிக்கிற ஒரு குட்டி வண்டோட வேலைங்க. மருந்து அடிச்சா ஒரே நாளில் போயிடும், நாங்க வலைத்துணிதான் போடறோம், இந்தத் தடவை போட நாலு நாள் பிந்திப்போச்சு" என்றார். பதில் நேர்மையாக இருந்தது, கீரையும் நன்றாகவே வெந்தது. ஓட்டை இலை பிடிக்காதவர்களுக்கு இந்தப் பண்ணை ஒத்துவராது, அவ்வளவுதான் விஷயம்.

பெட்டியின் போக்கு பருவத்தோடு மாறும். ஆரம்ப வாரங்களில் கீரை, முள்ளங்கி, மறுபடியும் கீரை. நடுவில் தக்காளி, பீன்ஸ், வெள்ளரி, கத்தரி எல்லாம் ஒன்றாக வந்து குவியும், சுரைக்காய் வேண்டுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே திரிய வேண்டியிருக்கும். கடைசியில் பீட்ரூட், பூசணி, கிழங்கு வகைகள். நூல்கோல் வந்துகொண்டே இருந்தது. அதை இவ்வளவு பேர் சாப்பிடுகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பண்ணை தன் வேலையை எவ்வளவு திட்டமிட்டுச் செய்கிறது என்பதைப் பெட்டியை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரே பாத்தியில் ஒரே நாளில் கீரை முழுவதையும் விதைத்தால் ஒரு வாரம் மூட்டை மூட்டையாக வரும், மறுவாரம் பூத்து முற்றிக் கசக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தியாகத் தவணை தவணையாக விதைத்தால்தான் வாராவாரம் இளசாகக் கிடைக்கும். இந்தப் பண்ணையில் கீரையில் அந்த ஒழுங்கு இருந்தது, பீன்ஸில் இல்லை. மண் விஷயத்தில் நன்றாகவே செய்கிறார்கள். தக்காளி இருந்த இடத்தில் அடுத்த முறை தக்காளியோ கத்தரியோ மிளகாயோ போடுவதில்லை, எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்கள் பிடிக்கும். சும்மா கிடக்கும் பாத்தியில் பயறு வகையை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறார்கள், தழைச்சத்து மண்ணுக்குப் போகிறது. உறுப்பினர்கள் வயலைப் பார்க்க வரலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தேன், சொன்னது அத்தனையும் வயலில் இருந்தது. கழனியில் நிழலுக்கு ஒரு கூரைகூடப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரக் கதை. பருவத்தின் நடுவில் விடாமல் மழை பெய்து தக்காளியில் கருகல் நோய் விழுந்தது. இது லேசுப்பட்ட நோயில்லை. ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் சில நாட்களிலேயே தோட்டம் முழுக்கக் கருகிவிடும், வித்துகள் காற்றில் பறந்து அடுத்த வயலுக்கும் போகும். 2009இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பெரிய கடைகளில் விற்ற தக்காளி நாற்றுகளோடு இதே நோய் பரவி, அந்த வருடம் நிறையச் சின்னப் பண்ணைகள் தக்காளியே இல்லாமல் நின்றன, சிஎஸ்ஏ உறுப்பினர்களுக்கும் பெட்டியில் தக்காளி இல்லை. ஆக, இது எங்கேயும் நடக்கக்கூடியது. இதற்குத்தான் முன்கூட்டியே பணம் கட்டி நட்டத்தில் பங்கெடுப்பது என்ற ஏற்பாடே.

ஆனால் எங்கள் பெட்டியில் தக்காளி வந்தது. உருண்டையாக, எல்லாம் ஒரே அளவில், பளபளவென்று, அழுத்தினால் கல் மாதிரி. இரண்டு வாரம் இப்படி வந்தபிறகு நேரடியாகக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, மொத்தச் சந்தையிலிருந்து வாங்கிப் போட்டோம், பெட்டி காலியாக இருந்தால் உறுப்பினர்கள் விலகிவிடுவார்கள் என்று பயமாக இருந்தது என்றார்கள். பயம் புரிகிறது. ஆனால் மருந்து அடிக்காத காய் என்று நம்பித்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம், எங்கே விளைந்தது, என்ன தெளித்தது என்று தெரியாத காயை அதே பெட்டியில் சொல்லாமல் வைப்பது சரியில்லை. தக்காளி கருகிவிட்டது, இந்த வாரம் பெட்டி சின்னது என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பக்கத்துப் பண்ணையில் வாங்கினோம், இன்ன பண்ணை, இப்படி விளைவிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாலும் சரி என்று விட்டிருப்பேன். பல பண்ணைகள் அப்படித்தான் செய்கின்றன, அதில் தப்பும் இல்லை. கேட்டதற்கு அப்புறம் இவர்களும் சீட்டு வைக்கத் தொடங்கினார்கள், வாங்கிப் போட்ட காய்க்கு எதிரில் எங்கிருந்து என்று எழுதியிருக்கும். பருவம் முடியும்வரை சீட்டு வைப்பதை நிறுத்தவில்லை, அதனால்தான் ஒரு நட்சத்திரத்தை மட்டும் குறைத்து விட்டேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. வாராவாரம் பெட்டியைக் கொட்டி, கடையில் இதே காய் என்ன விலை என்று கூட்டிப் பார்ப்பவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். ஆரம்ப வாரங்களில் நமக்கு நட்டம் என்றுதான் அந்தக் கணக்கு வரும், நடுப் பருவத்தில் லாபம் என்று வரும். பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சாதாரணக் கடைக் காயைவிடக் கொஞ்சம் கூடுதல், இயற்கை விளைபொருள் என்று தனியாக விற்கிற கடைகளைவிடக் குறைவு. ஆனால் பெட்டியில் வந்ததில் கால்வாசியை அழுகவிட்டுத் தூக்கிப் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உண்மையான விலை உங்கள் குப்பைக்கூடையைப் பொறுத்தது.

அதனால் இரண்டு பேர் உள்ள வீடு முழுப் பங்கு எடுக்காதீர்கள், அரைப் பங்கே தாராளம். பெட்டி வந்த அன்றைக்கே அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் தழையை உடனே வெட்டிவிட வேண்டும், விட்டால் அது கிழங்கிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இரண்டு நாளில் தொளதொளவென்று ஆக்கிவிடும். பீட்ரூட் தழையைக் கீரையாகவே சமைக்கலாம். கீரையைக் கழுவினால் நன்றாக உலர்த்தித் துணியில் சுற்றி வையுங்கள். தக்காளி பழுக்கும்வரை ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டாம், குளிரில் ருசி போய்விடும். வெள்ளரியும் கத்தரியும் அதிகக் குளிர் தாங்காது. வாரத்தின் முதல் பாதியில் இலை, பின்பாதியில் கிழங்கு என்று சமைத்தால் பெரும்பாலும் ஒன்றும் வீணாகாது.

பெட்டி வாங்குமிடத்தில் ஒரு மாற்றுக் கூடை வைத்திருக்கிறார்கள், பிடிக்காததை அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. மாலையில் தாமதமாகப் போனால் அதில் நூல்கோல் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற வசதி கிடையாது, குறித்த இரண்டு மணி நேரத்துக்குள் போய் எடுக்கவில்லை என்றால் பெட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இதைச் சேரும்போதே தெளிவாகச் சொன்னார்கள், அதனால் புகாராக எழுதவில்லை.

வேறு பண்ணையில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பெட்டியில் வருவது எல்லாம் சொந்த வயலில் விளைந்ததா, இல்லையென்றால் எப்படித் தெரியப்படுத்துவீர்கள்? போன பருவத்தில் எந்த வாரம் என்ன கொடுத்தீர்கள், பட்டியல் இருக்கிறதா? வயலை வந்து பார்க்கலாமா? ஊருக்குப் போகும் வாரத்தில் பெட்டியை வேறொருவருக்கு மாற்றிவிட முடியுமா? பண்ணை என்ற பெயரில் நாலு இடத்தில் காய் வாங்கிப் பெட்டி கட்டி விற்கிற வியாபாரங்களும் இருக்கின்றன. அதுவும் ஒரு சேவைதான், ஆனால் அதற்குப் பருவம் முழுக்க முன்பணம் கட்ட ஒரு காரணமும் இல்லை, வாராவாரம் காசு கொடுத்து வாங்கலாம். முதல் கேள்விக்கே மழுப்புகிறவர்களிடம் மற்றவற்றைக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

அடுத்த பருவத்துக்கும் இதே பண்ணையில்தான் பணம் கட்டியிருக்கிறேன், இந்தமுறை அரைப் பங்கு, இரண்டு தவணையாக. மொத்தமாகக் கட்டச் சிரமப்படுகிறவர்களுக்குத் தவணை கொடுப்பார்கள், அதை அறிவிப்பில் போடுவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். பீன்ஸைத் தவணையாக விதைக்கச் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன். நூல்கோலைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவரை பதில் வரவில்லை.